லாயத்துப் பரணில் எடுத்த பலகை

1

என் கணவர் சவரிநாதனுக்கு ஓராண்டு நினைவுப் பூசை வைக்கப் புதுச்சேரிக்குப் போயிருந்தபோது, மாதா கோவில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்ட உறவுக்காரப் பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இங்கிலாந்தில் பெரிய பங்களாவில் இருந்தீர்களாமே, பிறகு எப்படி அவர் குதிரை லாயத்தில் விழுந்து செத்தார்? ஒவ்வொருத்தருக்கும் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பங்களா இருந்தது உண்மை. அது எங்களுடையதல்ல. வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஒரு பள்ளத்தாக்கில், ஆப்பிள் தோட்டங்களுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவில் நிற்கும் நானூறு வருஷத்துப் பண்ணை வீடு அது. மார்கரெட் என்ற கிழவியம்மாவுக்குச் சொந்தம். எங்கள் குடியிருப்பு, முற்றத்துக்கு எதிரே இருக்கிற குதிரை லாயத்தின் ஒரு கோடியில், ஒரு காலத்தில் குதிரைக்காரன் படுத்திருந்த இரண்டு அறைகள்.

மார்கரெட் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அவருடைய மகன் வீட்டை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். விற்கிற வரைக்கும் நான்தான் காவல். காலையில் எழுந்து முற்றத்தைக் கடந்து போய், பெரிய வீட்டின் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கல் பாவிய தரையைத் துடைத்து, ஈரம் இழுக்கிற மெஷினில் சேர்ந்த தண்ணீரைக் கொட்டி, அடுப்பை மூட்டுவேன். ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்கு நெருப்பு என்று முதலில் நினைத்தேன். இரண்டு வாரம் நெருப்பு இல்லாவிட்டால் சுவரில் பச்சை ஏறிவிடுகிறது.

2

சவரியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் சொல்தா. அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சு நேஷனாலிட்டி. சவரிக்கோ பிரெஞ்சு நாலு வாக்கியத்துக்கு மேல் வராது. புதுச்சேரியில் சாரம் என்ற பகுதியில் எங்கள் வீடு. பீச் பக்கத்துப் பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றுகிற ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தார். எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது, எந்த உத்திரம் உளுத்துப் போயிருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

எங்கள் மகள் நத்தாலிக்கு ஒன்பது வயசானபோது கிளம்பினோம். முதலில் பாரிஸ் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இரண்டு வருஷம். அங்கே ஒட்டவில்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால் இங்கிலாந்துக்கு யாரும் கேள்வி கேட்காமல் போகலாம் என்றிருந்த காலம். அங்கே போனோம். வீட்டு வேலைக்கும் பழுது பார்க்கவும் ஒரு தம்பதி வேண்டும் என்று மார்கரெட் சொல்லிவைத்திருந்ததை, அங்கே நாங்கள் பூசைக்குப் போன கோவில் பாதிரியார் ஒருவர் எங்களிடம் சொன்னார்.

அந்த வீட்டை முதன்முதலில் பார்த்தபோது சவரி வாசலிலேயே நின்றுவிட்டார். மரச் சட்டம்தான் அந்த வீட்டுக்கு எலும்பு. ஓக் மரத் தூண்கள், குறுக்குச் சட்டங்கள், சாய்வு முட்டுகள். ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி மர ஆணி அடித்திருக்கிறார்கள், இரும்பாணி கிடையாது. சட்டங்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியைக் குச்சி பின்னி, மண்ணும் வைக்கோலும் சாணியும் குழைத்து அடைத்திருக்கிறார்கள். ஒரு மூலையில் காரை பெயர்ந்திருந்தது. சவரி அதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பிச் சிரித்தார். இவ்வளவு தூரம் வந்தும் மண் சுவர்தானா என்பது அந்தச் சிரிப்பின் அர்த்தம்.

பிறகு அந்த வீட்டைப் படிக்கிற மாதிரி படித்தார். மேலே கூரைக்குள் டார்ச் அடித்து, சட்டங்கள் கரி பிடித்துக் கறுத்திருப்பதைக் காட்டினார். முதலில் இது ஒரே கூடமாக, மாடி இல்லாமல் இருந்திருக்கிறது, நடுவில் நெருப்பு எரித்திருக்கிறார்கள், புகை கூரை வழியாகப் போயிருக்கிறது, புகைபோக்கியும் மாடியும் அப்புறம் வந்தவை என்றார். தச்சர்கள் சட்டங்களில் கீறிய எண்களைத் தேடிக் கண்டுபிடித்தார். கூடத்தில் நத்தாலி ஒரு கோலிக்குண்டைத் தரையில் விட்டால் அது தானாக உருண்டு அடுப்படிக்குப் போகும். அவ்வளவு சாய்ந்திருந்தது தரை. மார்கரெட்டுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. தன் வீட்டைப் பற்றித் தன் மகனுக்குத் தெரிந்ததைவிட இவருக்கு அதிகம் தெரியும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

லாயத்தில் குடியிருப்பதை சவரி ஊருக்குச் சொல்லவே இல்லை. முதலியார்பேட்டையில் இருக்கிற அவருடைய அண்ணன் அருளப்பனிடம், 'அவுட் ஹவுஸ்' என்று சொல்லி வைத்திருந்தார். போனில் படம் காட்டும்போது பெரிய வீட்டுப் பக்கமாகத் திருப்பிப் பிடிப்பார்.

3

லாயம் செங்கல் கட்டடம். பெரிய வீட்டைவிட வயசில் சின்னது. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் தனித்தனியாகத் திறக்கிற கதவு. உள்ளே உருண்டைக் கற்கள் பாவிய தரை, மூத்திரம் ஓட நடுவில் ஒரு கால்வாய். நான்கு குதிரைகளுக்கு மரத் தடுப்புகள். அவற்றின் விளிம்பைக் குதிரைகள் கடித்துக் கடித்து அலைபோல் ஆக்கியிருந்தன. சுவரோரமாகத் தீனித் தொட்டி, அதற்கு மேல் வைக்கோல் போட இரும்புக் கம்பிச் சட்டம். குதிரைகள் போய் ஐம்பது அறுபது வருஷம் ஆகியும், மழை நாளில் அந்த வாசனை வரும்.

லாயம் முழுவதற்கும் மேலே பரண். வைக்கோலை வண்டியிலிருந்து சுவரிலிருக்கிற கதவு வழியாகப் பரணுக்கு ஏற்றுவார்களாம். பரணிலிருந்து கீழே தொட்டிக்குத் தள்ளுவதற்குப் பலகைத் தளத்தில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து விட்டிருந்தார்கள். இவ்வளவையும் சொல்வது அந்தப் பொந்துக்காகத்தான்.

பரணில் எங்கள் பெட்டிகளையும், இலையுதிர் காலத்தில் பறித்த ஆப்பிள்களையும் வைத்திருந்தோம். வந்த முதல் வாரமே சவரி அந்தப் பொந்தின் மேல் ஒரு கனமான பலகையை வைத்து, நாலு மூலையிலும் திருகாணி போட்டுவிட்டார். அப்புறம் அதை மறந்தே போனோம். பதின்மூன்று வருஷம் அதன் மேல் நடந்தோம்.

அந்த வீடும் லாயமும் அரசாங்கம் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்கிற கட்டடங்கள். ஒரு ஓடு மாற்றுவதானாலும் கேட்க வேண்டும். கேட்காமல் பழைய மரத்தில் ஆணி அடித்தால் குற்றம். சவரிக்கு அது தெரிய வந்தபோது பலகை போட்டு ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

4

போன வருஷத்துக்கு முந்தைய டிசம்பரில் லாயத்துக் கூரை ஒழுகியது. மார்கரெட் பழுது பார்க்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். பழைய கட்டடங்களைப் பார்க்கிற அதிகாரி ஒருவர் வருவதாகக் கடிதம் வந்தது. அவர் வருகிற நாள் காலையில் சவரி சுண்ணாம்பு வாங்கத் தூரத்து ஊருக்குப் போயிருந்தார். மார்கரெட் என்னைக் கூப்பிட்டு, வருகிறவர் கொஞ்சம் கறாரானவர், எல்லாம் பழையபடியே இருந்தால் நல்லது என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. பலகை இருப்பதே அவருக்கு ஞாபகம் இருந்திருக்காது.

எனக்குத்தான் பயம் பிடித்தது. திருகாணியைப் பார்த்துவிட்டால் அபராதம் போடுவார்களோ, லாயத்தில் குடியிருக்கவே கூடாது என்பார்களோ, இத்தனை வருஷத்துக்குப் பிறகு எங்கே போவது என்று மனசு ஓடியது. சவரியின் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு பரணில் ஏறினேன். நாலு திருகாணியையும் கழற்றினேன். பலகையை இழுத்துக்கொண்டு போய் ஆப்பிள் பெட்டிகளுக்குப் பின்னால் சாத்தினேன்.

அதிகாரி வந்தார். கீழே நின்று அந்தப் பொந்தை அண்ணாந்து பார்த்து, இப்படி மாறாமல் இருப்பது அபூர்வம் என்று சந்தோஷப்பட்டார். போட்டோ எடுத்துக்கொண்டார். டீ குடித்துவிட்டுப் போனார். அவர் போனதும் நத்தாலி போன் பண்ணினாள். கிறிஸ்துமஸுக்கு வர முடியாது, டியூட்டி போட்டிருக்கிறார்கள் என்றாள். அவள் பர்மிங்காமில் நர்ஸ். அதில் எனக்குக் கோபம், பிறகு அழுகை. சவரி வந்தபோது நத்தாலியைப் பற்றித்தான் பேசினோம். பலகையை நான் மறந்தே போனேன்.

மறுநாள் காலை உறைபனி. ஆப்பிள் கெட்டுவிடும், சாக்குப் போட்டு மூட வேண்டும் என்று அவர் பரணுக்குப் போனார். கை நிறைய சாக்கு. காலடி தெரிந்திருக்காது. பலகை இருக்கிற இடம் என்று நம்பிக் கால் வைத்திருப்பார்.

சத்தம் கேட்டு ஓடினேன். தொட்டியில் இடித்துக் கல் தரையில் கிடந்தார். ரத்தம் அதிகம் இல்லை. கண் திறந்திருந்தது. போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"பலகை எங்க, பிலோமி?" என்றார்.

"பேசாதீங்க, ஆம்புலன்ஸ் வருது" என்று மட்டும் சொன்னேன். அவர் மேலே அந்தப் பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் பள்ளத்தாக்கில் இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது.

5

போலீஸ்காரப் பெண் ஒருத்தி மத்தியானம் வந்து பெரிய வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினாள். பர்மிங்காமிலிருந்து நத்தாலி வந்து சேர்ந்திருந்தாள். கடையிலும் டாக்டரிடமும் பேசுகிற அளவுக்கு எனக்கு ஆங்கிலம் வரும். அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. தமிழில் சொல்லு, நான் சொல்கிறேன் என்றாள் நத்தாலி.

"நான்தான் பலகைய எடுத்தேன். எடுத்துட்டுத் திரும்ப வைக்க மறந்துட்டேன்" என்றேன்.

நத்தாலி ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு போலீஸ்காரியிடம் திரும்பி, அதிகாரி வருகிறார் என்பதற்காகப் பலகை எடுக்கப்பட்டிருந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நம் வீட்டுப் பேச்சில் யாரும் 'எடுக்கப்பட்டிருந்தது' என்று சொல்வதில்லை. எடுத்தேன், எடுத்தான், எடுத்தாங்க என்றுதான் சொல்வோம். யாராவது ஒரு ஆள் அதில் இருந்தே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் ஆள் இல்லாமல் அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிகிறது. யார் எடுத்தார்கள் என்று போலீஸ்காரி கேட்டாள். நத்தாலி என்னிடம் கேட்காமலே, அம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றாள்.

எனக்குப் புரியாமல் இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். கையெழுத்துப் போட்டேன்.

மரண விசாரணையில் அந்த வாக்குமூலத்தைத்தான் வாசித்தார்கள். இதில் மாற்ற ஏதாவது இருக்கிறதா என்று அதை நடத்திய, நீதிபதி மாதிரியான ஒருவர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். நோ சார் என்றேன். விபத்து என்று முடித்தார்கள்.

அவரை ஊருக்குக் கொண்டுபோக முடியவில்லை. பிறந்தது புதுச்சேரி, குடியுரிமை பிரான்ஸ், செத்தது இங்கிலாந்து. பிரெஞ்சுப் பதிவேட்டில் அவர் பெயர் 'சவரிநாதேன்', ஊர்ப் பள்ளிச் சான்றிதழில் 'சவரிநாதன்', இங்கே வேலைக் காகிதத்தில் வேறு மாதிரி. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நான் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒரு இடத்தில் கேட்ட காகிதம் இன்னொரு இடத்துக் காகிதம் இருந்தால்தான் கிடைக்கும். மூன்று வாரம் பிணவறைக் குளிரில் இருந்தார். அதற்கு மேல் தாங்காமல், பக்கத்து ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்யச் சொல்லிவிட்டேன். மழையில் பதினோரு பேர் வந்திருந்தார்கள். நத்தாலி ஆங்கிலத்தில் வாசகம் வாசித்தாள்.

இறப்புக் காகிதத்தின் நகலை அவருடைய அண்ணனுக்கு அனுப்பியபோது, இறந்த இடம் 'தி ஸ்டேபிள்' என்று அதில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பையனிடம் அர்த்தம் கேட்டிருக்கிறார். அன்று போனில் அவர் கேட்டது ஒன்றுதான்: "என் தம்பிய குதிரக் கொட்டாயிலயா வச்சிருந்தாங்க?"

6

யாரும் எடுக்காத அந்தப் பலகையின் பழி சும்மா இருக்கவில்லை. யார் மேலாவது போய் விழ வேண்டும் அல்லவா, மார்கரெட் மேல் விழுந்தது.

அவருக்கு எண்பத்துமூன்று வயசு. அதற்கு முன்பே கொஞ்சம் மறதி ஆரம்பித்திருந்தது. விசாரணையில் வாசித்ததைக் கேட்டிருந்தார். 'எல்லாம் பழையபடி இருக்கட்டும்' என்று தான் சொன்னதும் ஞாபகம் இருந்தது. இரண்டையும் சேர்த்து, தான்தான் சவரியைப் பலகையை எடுக்கச் சொன்னோம் என்று முடிவு கட்டிக்கொண்டார். சாப்பாடு குறைந்தது. லாயத்துப் பக்கம் பார்க்கிற ஜன்னலுக்குத் திரை போடச் சொன்னார். மகன் வந்து முதியோர் இல்லத்தில் சேர்த்தார்.

வியாழன்தோறும் பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்பார், நான்தானே அவரை எடுக்கச் சொன்னேன் என்று. அதையெல்லாம் நினைக்காதீர்கள், டீ ஆறுகிறது என்பேன். எத்தனையோ வியாழன் அப்படியே சொல்லி எழுந்து வந்திருக்கிறேன்.

ஓராண்டுப் பூசை முடிந்த மறுநாள், முதலியார்பேட்டை வீட்டில் அருளப்பன் மாமா என்னை முன்னறையில் உட்கார வைத்தார். தெரிந்த வக்கீலிடம் எழுதி வாங்கிய காகிதம் மேஜை மேல் இருந்தது. மார்கரெட் பாதுகாப்பில்லாத இடத்தில் ஆளைக் குடிவைத்து, ஆபத்தான வேலையைச் செய்யச் சொன்னார் என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டும், இங்கிலாந்தில் ஒரு வக்கீல் மூலமாக வழக்குப் போடுவார்கள்.

"என் தம்பி சாவுக்கு ஒருத்தர் பதில் சொல்லணும்" என்றார்.

வெளியே கடலூர் ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நான் எல்லாவற்றையும் சொன்னேன். திருப்புளி, நாலு திருகாணி, ஆப்பிள் பெட்டி, நத்தாலி சொன்னது, நான் குனிந்துகொண்டது, சவரி கடைசியாகக் கேட்டது. ஒரு வருஷத்தில் முதல் தடவை அதை முழுசாகச் சொன்னேன்.

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை அடிக்கப் போகிறார் என்று கூட நினைத்தேன். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"இத வேற யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா நத்தாலி வேலைக்கும் கேடு. அந்தக் கிழவி எப்படியும் போவப் போறவ. அவ மேலயே இருந்துட்டுப் போவட்டும்."

"முடியாது மாமா" என்றேன்.

அவர் காகிதத்தை மடித்து உள்ளே கொண்டுபோனார். சாப்பிடும்போது என் பக்கம் திரும்பவில்லை. நான் கிளம்பின அன்றைக்கு ஆட்டோ வரை கூட வரவில்லை. அவர் மகன்தான் பெட்டியைத் தூக்கி வைத்தான். அதன் பிறகு போனும் இல்லை. தம்பியைக் கொன்றவள் என்று நினைக்கிறாரா, குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவள் என்று நினைக்கிறாரா, தெரியாது.

7

திரும்பி வந்த முதல் வியாழன் மார்கரெட்டிடம் சொன்னேன். விமானத்தில் வரும்போதே வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன். நீங்கள் சொல்லவில்லை, சவரி எடுக்கவில்லை, நான் எடுத்தேன், திரும்ப வைக்கவில்லை. நாலு சின்ன வாக்கியம்.

அன்றைக்கு அவருக்குத் தெளிவு இருந்தது. கப்பைக் கீழே வைத்தார். அப்படியானால் இவ்வளவு நாளாக என்னை ஏன் அப்படி நினைக்க விட்டாய் என்று கேட்டார். நீ போகலாம் என்றார். பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்றேன்.

இனி உள்ளேயே விட மாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் அடுத்த வியாழன் போனேன். என்னைப் பார்த்ததும் சிரித்தார். இவ்வளவு நாளாக ஏன் வரவில்லை என்று கேட்டார். பிஸ்கட் தின்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நான்தானே அவரை எடுக்கச் சொன்னேன் என்றார்.

எல்லாம் அழிந்துவிட்டிருந்தது, அது மட்டும் நின்றிருந்தது. நான் மறுபடியும் சொன்னேன். அதற்கடுத்த வாரமும் சொன்னேன். ஒரு வாரம் அழுதார். ஒரு வாரம் என் தலையைத் தடவினார். ஒரு வாரம் சவரி யார் என்று கேட்டார். அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

மார்கரெட்டிடம் நான் சொல்லிவிட்டதை நத்தாலியிடம் போனில் சொன்னேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வாசிக்க மறந்துபோயிற்று. கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். அன்று முழுக்க ஆங்கிலம். நான் உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன், உனக்கு அது கூடவா புரியவில்லை என்றாள். நானும் உன்னைத் தடுக்கவில்லையே, அதனால் ரெண்டு பேர் மேலும்தான் தப்பு என்றேன். போனை வைத்துவிட்டாள். மூன்று வாரம் பேசவில்லை.

போன வியாழன் காலையில் முற்றத்தில் அவளுடைய கார் வந்து நின்றது. மார்கரெட்டைப் பார்க்கத்தானே போகிறாய், கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். இல்லத்தில், கோட்டைக் கழற்றாமல் கதவோரமாக நின்றாள்.

மார்கரெட் கேட்டார். நான் சொன்னேன். அன்றைக்கு அவருக்குக் காதும் சரியில்லை, என் உச்சரிப்பும் ஏறவில்லை. இரண்டு முறை சொல்லியும் புரியாமல், நத்தாலி பக்கம் திரும்பி, உன் அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

நத்தாலி என்னைப் பார்த்தாள். அவள் வந்து மார்கரெட்டின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னாள்:

"பலகையை எடுத்தது என் அம்மா. அதைப் போலீஸிடம் சொல்லாமல் மறைத்தது நான். உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை."

மார்கரெட் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்ததோ. நின்றுகொண்டே இருக்கிறாயே, கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார் என்று நத்தாலியிடம் சொன்னார். அவள் கழற்றினாள். உட்கார்ந்ததும் அவளுடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அவள் அப்பா செத்ததற்கு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பும் வழியில், அடுத்த வாரமும் கேட்பார்களா என்றாள்.

கேப்பாங்க என்றேன்.

வியாழக்கிழமை டியூட்டியை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறேன் என்றாள்.